வலப்பக்கத்துச் சீட்டு

பிள்ளையார்பாளையத்தில் பரமசிவத்திடம் வழி கேட்டவர்கள் கேட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை. கைலாசநாதர் கோவிலுக்கு எப்படிப் போவது என்று யாராவது காரை நிறுத்திக் கேட்டால், தறியை விட்டு எழுந்து, தெருமுனை வரை கூடவே நடந்து வந்து, "நேரா போயி சோத்தாங்கை பக்கம் திரும்பிக்கோங்க" என்று கையை நீட்டிச் சொல்வார். திரும்ப வேண்டியது பீச்சாங்கைப் பக்கமாக இருக்கும். அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை, திசையில்தான் கோளாறு. காஞ்சிபுரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கோவில் வந்துவிடும் என்பதால், போனவர்கள் அங்கேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து அவரோடு சண்டை போட்டவர் கிடையாது.

இதற்காக மனிதரை மக்கு என்று நினைத்துவிடக் கூடாது. பட்டுத்தறியில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த உடம்பு அது. அவர் தறியில் ஜரிகை வேலை நடக்கும்போது சேலையின் முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகுதான். படத்தில் இடது பக்கம் பார்க்கிற மயில் தறியில் வலது பக்கம் பார்த்தால்தான், கட்டுகிற பெண்ணின் தோளில் அது ஒழுங்காக வந்து உட்காரும். சந்தேகம் வந்தால் குனிந்து, சேலைக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டி முகத்தைப் பார்த்துக்கொள்வார். இப்படி எதைக் கண்டாலும் மனசுக்குள் ஒருமுறை புரட்டிப் புரட்டி, அந்தப் புரட்டல் அவர் கண்ணோடு ஒட்டிப்போய்விட்டது. அவர் மனைவி துர்காதேவி வெளியூரில் அவரோடு நடக்க நேர்ந்தால், அவர் சொல்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பேசாமல் நடந்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட பரமசிவம்தான் ஒரு விமானத்துக்கு ஒயர் மாட்டினார்.

விமானம் அவருடையது இல்லை, தேவசகாயத்தினுடையது. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். அதற்குப் பிறகு பரமசிவம் தறிக்குழிக்குள் காலை விட்டார். தேவசகாயம் விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அங்கிருந்து ஓய்வு பெற்றதும் விமானம் ஓட்டச் சொல்லித்தருகிற ஒரு பள்ளியில் சின்ன விமானங்களைப் பழுது பார்த்தார். அங்கேயே சிறுகச் சிறுக ஓட்டக் கற்று உரிமமும் வாங்கிவிட்டார். ஊருக்கு வந்து செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்ட மனுஷன், மற்றவர்களைப் போல மாடியில் முருங்கை வளர்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை உதிரி உதிரியாக வரவழைத்தார். கல்யாணச் சீர் மாதிரி பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

அதை வைக்க இடம் கொடுத்தவர் அவருடைய மனைவியின் தம்பி ராமராஜன். வாலாஜாபாத்தில் அவருக்கு ஒரு நெல் கிடங்கு உண்டு. தவிட்டு மூட்டைகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு மாமாவுக்கு இடம் விட்டார். விட்ட நாளிலிருந்து அந்த இரண்டாவது சீட்டு தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்களிடம், கொட்டாய் யாருதோ சீட்டும் அவருதுதான் என்று ஒரே போடாகப் போடுவார்.

உடம்பும் இறக்கையும் சேர்ந்து, தகடெல்லாம் ஆணி அடித்து முடிந்த பிறகு, ஒயர் வேலை வந்து நின்றது. அங்கேதான் தேவசகாயத்தின் விரல்கள் மக்கர் செய்தன. ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. ஒயர் முனையில் மாட்டுகிற பித்தளை ஊசியோ வெந்தயத்தை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒன்றை மாட்டுவதற்குள் மூன்று கீழே விழுந்து தவிட்டில் காணாமல் போயின. அந்தச் சலிப்போடு அவர் ஒருநாள் பரமசிவம் வீட்டுக்கு வந்தார். பரமசிவம் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழை ஒன்றைப் பார்க்காமலே பிடித்து, பார்க்காமலே முடி போட்டுக்கொண்டு, இவரோடு பேசிக்கொண்டிருந்தார். தேவசகாயம் காப்பியைக் கீழே வைத்தார்.

"பரமு, என் ஏரோப்ளேனுக்கு ஒயர் மாட்டிக் குடு. அமுக்கின பொத்தான் சொன்ன வேலைய செஞ்சா, பக்கத்து சீட்டு உன்னுது."

பரமசிவம் முடி போட்ட இழையை இன்னொருதரம் நீவிவிட்டார். மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானங்கள் அவர் தெருவுக்கு மேலே போவதைச் சின்ன வயசிலிருந்து அண்ணாந்து பார்த்தவர் அவர். ஒன்றில்கூட ஏறியதில்லை. கோபுரக் கரை போட்டு எத்தனையோ சேலை நெய்திருக்கிறார், அந்தக் கோபுரத்தையும் கீழே நின்று கழுத்து வலிக்கத்தான் பார்த்திருக்கிறார். சேலையை முதுகுப் பக்கம் பார்க்கிறோம், ஊரைக் கால் பக்கம் பார்க்கிறோம், சாவதற்குள் ஒருதரமாவது ஊர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. துர்காதேவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் கல்யாணமான புதிதில் சொன்னதுதான்.

அவள் மறக்கவில்லை. தேவசகாயம் போன பிறகு, "குழிக்குள்ள கால வுட்டு சம்பாதிக்கிற மனுசன், வானத்துல கால எங்க வெப்பீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, எந்த நாள்களில் தறியை நிறுத்தினால் யாருக்கும் சொன்ன தேதி தவறாது என்று அவளே கணக்குப் போட்டும் கொடுத்தாள்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. பழைய பாவோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதை நெசவாளர்கள் பிணைப்பது என்பார்கள். இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பரமசிவம் ஒரு பொட்டலம் சாம்பலோடு கிடங்குக்குப் போய், இரண்டு ஒயரைத் தொடையில் வைத்து ஒரே உருட்டில் முறுக்கிச் சேர்த்து, பெருமையாக நீட்டினார். தேவசகாயம் அதை வாங்கி ஒரு சுண்டு சுண்டினார், ஒயர் கழன்றுகொண்டு வந்தது. விமானத்துக்கு விபூதி எல்லாம் வேண்டாம், அது கிறிஸ்தவ விமானம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கிரிம்பிங் கருவியைக் கையில் கொடுத்தார். ஒயரின் தோலை உரி, முனையை ஊசிக்குள் விடு, கருவியால் ஒரு நறுக். பிறகு ஊசியைக் கனெக்டரின் துளைக்குள் தள்ளு, 'டிக்' என்று சத்தம் வரும். மெதுவாக இழுத்துப் பார், வராவிட்டால் சரி. இதுதான் வேலை. ஒரு வாரத்தில் பரமசிவம் அந்த நறுக்கையும் டிக்கையும் தறிச் சத்தம் போலத் தாளம் தப்பாமல் போட ஆரம்பித்துவிட்டார்.

கனெக்டர் ஒவ்வொன்றும் இரண்டு பாதி. ஊசி நீட்டிக்கொண்டிருப்பது ஆண், ஊசியை வாங்கிக்கொள்வது பெண். தொழிலில் அப்படித்தான் பெயர். இதைக் கேட்ட துர்காதேவி மாப்பிள்ளை, பொண்ணு என்று மாற்றிவிட்டாள். அதற்குப் பிறகு கிடங்கில் யாரும் வேறு பெயர் சொல்லவில்லை. விமானத்தைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டியிருந்ததால், இறக்கை உடம்போடு சேரும் இடம், வால் சேரும் இடம், முன்பக்கப் பலகை என்று எங்கும் மாப்பிள்ளை பொண்ணுதான். இரண்டு பாதியையும் பரமசிவமே மாட்டினார். இஞ்சினையும் ரேடியோவையும் மட்டும் தேவசகாயம் தன்னிடம் வைத்துக்கொண்டார். விமானத்தை ஓட்டுகிற கைப்பிடி ஒன்று தொழிற்சாலையிலிருந்தே எட்டுப் பொத்தானோடும் ஒன்பது ஊசி மாப்பிள்ளையோடும் தயாராக வந்திருந்தது. அதற்கு எதிரே வரும் பொண்ணை மட்டும் பரமசிவம் மாட்டினார்.

எந்த ஒயர் எந்தத் துளைக்கு என்று காட்ட ஒரு படம் இருந்தது. அதை விரித்து வைத்த அன்றைக்கு, தேவசகாயம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பாத்துக்க பரமு, இது முதுகுப் பக்கம்."

படம் கனெக்டரின் முதுகிலிருந்து பார்த்து வரைந்தது, அப்படியே பார்த்து மாட்டு என்பது அவர் சொன்னதன் அர்த்தம். பரமசிவத்தின் தொழிலில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. சேலைக்குப் படம் எழுதிக் கொடுப்பவர் 'முதுகு' என்றால், நீ உட்கார்ந்திருப்பது முதுகுப் பக்கம், அதனால் படத்தைப் புரட்டிக்கொள் என்றுதான் பொருள். இது தெரியாதா நமக்கு என்று தலையாட்டிவிட்டு, பரமசிவம் ஏற்கெனவே முதுகிலிருந்து வரைந்திருந்த படத்தை இன்னொருதரம் புரட்டிவிட்டார். துளைக்குப் பக்கத்தில் எறும்புக் கால் அளவில் எண்கள் இருந்தன. ஐயாயிரம் இழையை எண் இல்லாமல் மேய்க்கிறவனுக்கு ஒன்பது துளைக்கு எண் வேண்டுமா என்று அவர் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. முடித்ததும் மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். அதையும் புரட்டிய கண்ணாலேயே சோதித்தார். தப்பு செய்த கண்ணே தப்பைத் தேடினால் எங்கே கிடைக்கும்? எல்லாம் சரி என்று மீட்டர் கூவியது.

மின்சாரம் கொடுத்துப் பார்க்கிற நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தேவசகாயம் சர்ச்சுக்குப் போய் ஜெபித்துவிட்டு நேராகக் கிடங்குக்கு வந்தார். துர்காதேவி மிளகு சீரகம் போட்ட இட்லி ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தாள். ராமராஜன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது, ஒயர் புகைந்தால் முதலில் பார்க்க வேண்டும் என்றுதான். பரமசிவம் இட்லியை விட்டுவிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்று புகைந்தால் சீட்டு போச்சு என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

தேவசகாயம் சாவியைத் திருப்பினார். பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. வால் விளக்கு மினுக்கியது. இறக்கை நுனியில் சிவப்பும் பச்சையும் அதது இடத்தில் எரிந்தன. புகை இல்லை, வாசனை இல்லை. துர்காதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியாகக் கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. தேவசகாயம் இடது விளக்குப் பொத்தானை அமுக்கினார், வலது விளக்கு எரிந்தது. வலதை அமுக்கினார், இடது எரிந்தது. இறக்கையின் பின்னோரத்து மடலை இறக்குகிற பொத்தானை அமுக்கினார், பாதி இறங்கியிருந்த மடல் ஏறிக்கொண்டது. ரேடியோவில் பேசுகிற பொத்தானை அமுக்கினார், இஞ்சினைக் கிளப்புகிற ரிலே சுவிட்சு டக்கென்று அடித்தது. நல்ல வேளை, இஞ்சின் ஒயரை அவர் முன்ஜாக்கிரதையாகக் கழற்றி வைத்திருந்தார்.

ராமராஜன் சிரித்த சிரிப்பில் கிடங்குப் புறாக்கள் பறந்தன. பேச வாயைத் திறந்தால் வண்டி கிளம்புது, இது ஏரோப்ளேனா என் பொண்டாட்டியா என்று கேட்டார். பரமசிவம் அசையவில்லை. வேட்டி முனையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

தேவசகாயம் பூதக்கண்ணாடியை எடுத்து ஒன்பது துளைக் கனெக்டரைப் பார்த்தார். பார்த்தவர் தாமும் சிரித்தார். ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறியிருந்தது. நடுத்துளையில் இருந்தது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒயர். கண்ணாடியிலும் நடு நடுதானே, அதனால்தான் எதுவும் கருகவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் பிடுங்கி மாட்டிவிடலாம், மாட்டிவிட்டால் சீட்டு உன்னுதுதான் என்று அவர் பரமசிவத்தின் தோளைத் தட்டினார். ராமராஜன் முகம் தொங்கிப்போனது.

பரமசிவம் பிடுங்கி மாட்டினார். இப்போது எண்ணைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். திரும்ப அமுக்கியபோது இடது இடதானது, வலது வலதானது. எல்லோரும் கை தட்டினார்கள். சீட்டு கைக்கு வந்துவிட்டது. ஆனால் கடைசி ஊசியைத் தள்ளும்போதே அவர் மனசில் ஒரு கேள்வி எழுந்திருந்தது. இதை இப்படிப் புரட்டி மாட்டியிருக்கிறேன் என்றால், மற்றதை எல்லாம் எப்படி மாட்டினேன்? அதெல்லாம் எப்படி ஒழுங்காக எரிகிறது?

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் விடை கிடைத்தது. மற்ற இடங்களில் மாப்பிள்ளையையும் அவரே புரட்டி மாட்டினார், பொண்ணையும் அவரே புரட்டி மாட்டினார். இரண்டு புரட்டலும் ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விட்டது. தொழிற்சாலையில் பிறந்த அந்த ஒரு மாப்பிள்ளையிடம் மட்டும்தான் குட்டு வெளிப்பட்டிருக்கிறது. விமானம் முழுக்கத் தப்பாக இருக்கிறது, முழுக்க நன்றாக வேலையும் செய்கிறது. இந்த உலகத்தில் இது ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாலாஜாபாத் பஸ்ஸில் ஜன்னலோரம் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் தறியில் உட்கார்ந்தார், குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா நகரவில்லை. துர்காதேவி இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்து இரண்டு முறையும் ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் முறை டீ இல்லாமல் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"ஓடுது இல்ல?" என்றாள்.

"ஓடுது."

"அப்புறம் இன்னாங்க?"

"இன்னிக்கி ஓடுது துர்கா. நாளைக்கி ஒரு பக்கம் கெட்டுப்போயி, கடையில வாங்கி மாட்டினான்னா? பொத்தான அமுக்கினா ஒண்ணு கேப்பான், ஒண்ணு நடக்கும். மேல இருக்கறது தேவா இல்லயா?"

அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "அப்ப போயி சொல்லிட்டு வாங்க. சீட்டு போனா போவுது, பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு யாரும் பரீட்ச வெக்கறதில்ல." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் செருப்பு மாட்டும்போது அவள் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

கிடங்கில் தேவசகாயமும் ராமராஜனும் விமானத்துக்குப் பெயிண்ட் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரமசிவம் வந்ததும் வராததுமாக இறக்கையோரம் இருந்த கனெக்டரைப் பிரித்து, இரண்டு பாதியையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்த தேவசகாயத்தின் நெற்றி சுருங்கியது.

"எல்லாமே இப்பிடித்தான் தேவா," என்றார் பரமசிவம். "சொந்தத்துக்குள்ளயே குடுத்து வாங்கினா கொற வெளிய தெரியாது. அந்நியத்துல சம்பந்தம் வெச்சப்பத்தான் தெரிஞ்சி போச்சி. எல்லாத்தயும் பிரிச்சி மாட்டணும். சீட்டு வேணாம்பா எனக்கு."

 தேவசகாயம் கனெக்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, முதலில் பிரித்து மாட்டு, மற்றதை அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். சரி, முடிந்தது கதை என்று பரமசிவம் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே முதல் ஊசியைப் பிடுங்கினார்.

இப்போது ஒரு விசித்திரம் நடந்தது. ராமராஜன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். உன் கண்ணை நம்பி இனிமேல் ஒரு ஊசியும் போகக் கூடாது, எண்ணை நான் படிக்கிறேன் என்றார். சீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உட்கார்ந்தார் என்பது பரமசிவத்துக்குத் தெரியும். தெரிந்தாலும் துணைக்கு ஆள் கிடைத்ததே என்று இருந்தது. ராமராஜன் பூதக்கண்ணாடியில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு ஏலம் போடுகிறவர் போல ஒவ்வொரு எண்ணாகக் கூவுவார், பரமசிவம் தள்ளுவார், டிக். முதலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ராமராஜன், நாளாக ஆக எண்ணைத் தவிர வேறு பேசாமல் ஆனார். சில நாள் வேலை முடிந்த பிறகும் விமானத்தின் வயிற்றுக்குள் டார்ச் அடித்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பார்.

வேலை முடிந்து, அதிகாரிகள் வந்து பார்த்து, காகிதங்கள் போக வேண்டிய இடமெல்லாம் போய் வந்தன. விமானம் கழற்றி ஏற்றப்பட்டு, வெகு தூரத்தில் இருந்த ஒரு தனியார் ஓடுதளத்துக்குப் போனது. சோதனைப் பறத்தல் முடிகிற வரை ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஆள் ஏறக் கூடாது. தேவசகாயம் தனியாகப் பறந்து பறந்து பார்த்தார். அந்த வீடியோக்கள் போனில் வரும். பரமசிவம் அவற்றைத் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே பார்ப்பார், துர்காதேவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். தான் மாட்டிய விளக்கு வானத்தில் எரிவதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்த்து முடித்ததும் அதையே மறுபடி ஓட விடுவார்.

மழைக்காலம் போய் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆன பிறகு, தேவசகாயம் போன் செய்தார். ராமராஜனோடு காரில் கிளம்பி வரச் சொன்னார், துர்காதேவியையும் அழைத்துவரச் சொன்னார். ராமராஜன் முதல் பயணம் போவதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று பரமசிவம் நினைத்தார். வழியெல்லாம் ராமராஜன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தையே பார்த்தபடி வந்தார். எங்கேயோ ஒரு சாலைப் பிரிவில் பரமசிவம் சோத்தாங்கைப் பக்கம் என்றார். டிரைவர் துர்காதேவியைப் பார்த்தார், அவள் தலையை ஆட்டினாள், வண்டி இடது பக்கம் திரும்பியது.

விமானம் வெயிலில் வெள்ளை வெளேரென்று நின்றது. தேவசகாயம் வலப்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராமராஜன் அதன் அருகே போய், உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு அடி பின்னால் வந்துவிட்டார்.

"மாமா, நான் ஒவ்வொரு நம்பரா படிச்சவன்," என்றார். "இந்த வண்டி எத்தினி வெந்தய ஊசிய நம்பி மேல போவுதுன்னு எனக்குத் தெரியும். தெரியாம இருந்தா ஏறியிருப்பேன். எனக்குத் தரையே போதும்பா." பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பரமசிவத்தின் கையில் திணித்தார். மேலே வெயில் அதிகமாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

பரமசிவம் தேவசகாயத்தைப் பார்த்தார். தனக்கு வைத்த பரீட்சையில் தான் தோற்றதாக அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார், அதைச் சொல்லவும் வாயெடுத்தார். தேவசகாயம் விடவில்லை.

"அவன் ஏறறேன்னு சொல்லியிருந்தாலும் மொத ஆளா உன்னத்தான் ஏத்தியிருப்பேன். செஞ்ச தப்ப வந்து சொல்றவன் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு பயமில்ல. ஏறு."

துர்காதேவி அவர் வேட்டியைப் பார்த்து, காற்றில் பறக்கப் போகிறது, இறுக்கிக் கட்டுங்கள் என்றாள். அவரே கட்டத் தெரியாதவர் போல நிற்கவும், அத்தனை பேர் எதிரிலும் அவளே முனையை இழுத்துச் செருகிவிட்டாள். செருகும்போது சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

ஓடுதளம் ஓடி முடிந்ததும் தரை கழன்றுகொண்டது. பரமசிவம் இரண்டு காலையும் முன்னால் நீட்டி ஊன்றினார், தறியின் மிதி எங்கே என்று அவர் கால் தானாகத் தேடியது. காதில் மாட்டிய கருவியில் தேவசகாயம் சிரிப்பது கேட்டது. கீழே வயல்கள் பாத்தி பாத்தியாகப் போயின.  ஊருக்கு நேர் மேலே பறக்க அனுமதி கிடையாது. அனுமதி கிடைத்த பாதை பாலாற்றுக்குத் தெற்கே, ஆற்றோடு கிழக்கு நோக்கிப் போனது. மணல் நடுவே ஒரே ஒரு கீற்றுத் தண்ணீர் மின்னியது.

"பரமு," என்றது காதுக்குள் தேவசகாயத்தின் குரல். "பீச்சாங்கை பக்கம் பாரு. நம்ம ஊரு."

பரமசிவம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு ஜன்னலில் அழுந்த அழுந்த, சோத்தாங்கைப் பக்கம் பார்த்தார்.

அங்கே கரும்பும் நெல்லும் இரண்டு செங்கல் சூளைப் புகையும் தெரிந்தன. கோபுரம் ஒன்றுகூட இல்லை. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்தார். மேலே வந்தால் ஊர் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தேவசகாயம் அவர் முதுகைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இடப்பக்கம் திரும்பு என்று டிரில் வாத்தியார் கத்தும்போதெல்லாம், அத்தனை பையன்களுக்கு நடுவில் தன்னைப் பார்த்துத் திரும்பி நிற்கிற அதே முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப்பக்கம் இல்லை, இந்தப்பக்கம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

கைப்பிடியைச் சாய்த்தார். விமானம் ஒரு இறக்கையைத் தாழ்த்தி, ஆற்றின் மேலே அகலமாக அரைவட்டம் அடித்து, வந்த வழியே மேற்கே பார்த்துத் திரும்பியது. கரும்பும் சூளையும் விலகிப் போயின, ஆறு வந்தது, செவிலிமேட்டு மாடிகள் வந்தன. பிறகு பரமசிவம் பார்த்துக்கொண்டிருந்த அதே சோத்தாங்கைப் பக்க ஜன்னலுக்குள், முதலில் ஒரு கோபுரமும் அப்புறம் இன்னொன்றுமாக, காஞ்சிபுரம் முழுசாக வந்து நின்றது.

"ஆமா தேவா," என்றார் பரமசிவம். அவர் அழுதுகொண்டிருந்தார், மறைக்கவும் இல்லை. "இங்கதான் இருக்குது."